வீழ்த்தினாரா, வீழ்த்தியதாகச் சொன்னாரா? போர் விமானி ஏஸ்களின் கணக்கைச் சரிபார்க்கும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் சமூகசாஸ்திர மேளாவுக்குப் போர் விமானங்களைப் பற்றி ஒரு சார்ட் செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் எப்போதும் உண்டு. எல்லை தாண்டினால் சூலூர் விமானப்படைத் தளம், அங்கே தேஜஸ் போர் விமானம் பறக்கிறது. ஆசை வருவதில் வியப்பில்லை. சார்ட்டில், பல எதிரி விமானங்களை வீழ்த்திய 'ஏஸ்' விமானிகளின் எண்ணிக்கையாக எரிக் ஹார்ட்மன் 352, ரிக்ட்ஹோஃபன் 80, ரிச்சர்ட் போங் 40 என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுவது பத்து நிமிட வேலை. "இந்த 352ஐ எண்ணியது யார்?" என்று நடுவர் கேட்டால்தான் கை நடுங்கும். வாயனசாலை (நூலகம்) வினாடி வினாவிலும் இதே தகராறு வரும். எட்வர்ட் மேனக்குக்கு 61 என்று ஒருவர் சொல்வார், 73 என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் அச்சில் இருக்கிறது. சபுரோ சகாய்க்கு 64 என்றும் உண்டு, 28 என்றும் உண்டு.

ஒரு விமானியின் கணக்கைக் கையில் எடுத்து, வரி வரியாகப் பிரித்து, எதிராளியின் இழப்போடு வைத்துப் பார்த்து, கடைசியில் பலகையில் எப்படி எழுதுவது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம். கோடு போட்ட நீள நோட்டு ஒன்று, அடிக்கோல், கறுப்புப் பேனா, பென்சில், அழிப்பான் இருந்தால் போதும். பத்து வெற்றிகள் உள்ள ஒரு விமானிக்கு நான்கைந்து மாலைகள் பிடிக்கும்.

முதலில் வினைச்சொல்லைச் சரிசெய்யுங்கள்

மலையாளப் பத்திரிகை படிப்பவர்களுக்கு 'அவகாசப்பெட்டு' என்ற சொல் பழக்கம். ஒருவர் தானே அப்படிச் சொல்கிறார், நடந்ததோ இல்லையோ தெரியாது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் எழுதும்போது நாம் அதே இடத்தில் 'வீழ்த்தினார்' என்று போட்டுவிடுகிறோம். கணக்குக் கெடுவது இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது.

நோட்டில் மூன்று வினைகளை மட்டும் பயன்படுத்துங்கள். விமானி தரையிறங்கி அறிக்கை எழுதியதோடு நிற்கிறதென்றால் 'வீழ்த்தியதாகச் சொன்னார்'. அவருடைய விமானப்படை விசாரித்து அவர் பெயரில் வரவு வைத்திருந்தால் 'வீழ்த்தியதாக ஏற்கப்பட்டது'. எதிராளியின் பதிவேட்டில் அதே நாளில், அதே இடத்தில், அதே வகை விமானம் ஒன்று திரும்பி வரவில்லை என்று இருந்தால் மட்டும் 'வீழ்த்தினார்'. இந்த மூன்றையும் கலக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. உலகத்தில் பட்டியல் பட்டியலாகக் கிடைக்கும் ஏஸ் எண்கள் பெரும்பாலும் நடு வகையைச் சேர்ந்தவை. 352 என்பதும் அப்படித்தான்: ஜெர்மன் விமானப்படையில் ஹார்ட்மன் பெயரில் நிற்கும் வரவு அது.

வாளையாரில் ஒரு லாரி தமிழ்நாட்டுப் பக்கம் போனதாக எழுதியிருந்தால், அந்தப் பக்கம் கே.ஜி. சாவடியில் அதே எண்ணுள்ள லாரி, கொஞ்சம் பின்நேரத்தில், உள்ளே வந்ததாக எழுதியிருக்க வேண்டும். ஒரு பக்கத்துப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் லாரி போனது என்பது ஒருவர் சொன்ன சொல். இரண்டு புத்தகமும் ஒத்துப்போனால் அது நடந்த செய்தி. வான் சண்டைக் கணக்கும் இதே போலத்தான், இரண்டு பக்கத்துப் புத்தகம் இல்லாமல் தீராது.

ஏஸ் என்பவர் குறைந்தது ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்தியவர். முதல் உலகப் போரில், 1915இல், அடோல்ஃப் பெகூவை முன்வைத்துப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் தொடங்கிவைத்த பேச்சு அது, சீட்டுக்கட்டு ஏஸ்தான். பிரிட்டிஷ் விமானப்படை அதை அதிகாரப்பூர்வப் பட்டமாக வைத்துக்கொண்டதில்லை. ஆகவே 'ஏஸ் பட்டம் பெற்றார்' என்று சார்ட்டில் எழுதாதீர்கள். யாரும் கொடுக்காத பட்டம் அது.

நோட்டுப் போடுவது

நோட்டை விரித்தால் தெரியும் இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஒரே தாளாக நினைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் விமானி சொன்னது, வலப்பக்கம் எதிராளி இழந்தது. ஒரு வெற்றிக்கு ஒரு வரி. இரண்டு வெற்றியை ஒரு வரியில் அடைக்கக் கூடாது, ஒரே நாளில் நடந்திருந்தாலும்.

இடப்பக்கத்தில் ஏழு கட்டங்கள் வேண்டும்: வரிசை எண், தேதி, அறிக்கையில் உள்ள நேரம், கிரீன்விச் நேரம், இடம், எதிரி விமானத்தின் வகை (அவர் சொன்னபடி), தரம். தரம் என்றால் அழிந்ததா, கட்டுப்பாடு இழந்து போனதா, பிறரோடு சேர்ந்து வீழ்த்தியதா என்பது. வலப்பக்கத்தில் ஆறு: எதிராளியின் அணி, விமானத்தின் சீரியல் எண், சேத அளவு, உள்ளே இருந்தவர்களின் கதி, இழப்புக்கு அவர்கள் சொன்ன காரணம், முடிவு.

இடப்பக்கம் முழுவதையும் முடித்த பிறகே வலப்பக்கத்தைத் தொடுங்கள். இதில் கண்டிப்பாக இருங்கள். எதிராளியின் இழப்புப் பட்டியலை முன்பே பார்த்துவிட்டால், 'காலை 11 மணி' என்று எழுதியிருப்பதை '12 ஆக இருக்கலாம்' என்று கை தானாகத் திருத்தும். பதிவேட்டில் உள்ளதைப் பேனாவில் எழுதுங்கள், உங்கள் ஊகத்தைப் பென்சிலில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு பிள்ளை அந்த நோட்டை எடுத்தாலும் எது செய்தி, எது ஊகம் என்று கேட்காமல் தெரிய வேண்டும்.

மூலப் பதிவேடுகள் வெகு தொலைவில் இருக்கின்றன. பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களின் (விமான அணிகளின்) அன்றாடப் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற வரிசையில் இருக்கின்றன. விமானிகளின் சண்டை அறிக்கைகள் ஏர் 50இல். ஜெர்மன் இழப்புகள் அவர்களுடைய தளவாடத் தலைமையகம் தொகுத்த இழப்பு அறிக்கைகளில் இருக்கின்றன. அமெரிக்கர்கள் 1943 முதல், திரும்பாத விமானங்களுக்கு 'காணாமல் போன விமானக் குழு அறிக்கை' எழுதினார்கள். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இவற்றிலிருந்து எடுத்து அச்சிட்ட நூல்களும் இணையத்தில் ஏற்றிய படிகளும்தான். எதை நம்புவது என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு: இழந்த விமானத்தின் சீரியல் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாமல் 'அன்று எதிரி பலத்த இழப்பைச் சந்தித்தது' என்று மட்டும் எழுதியிருப்பதை வலப்பக்கத்துக்குக் கொண்டுவரக் கூடாது.

இந்திரலால் ராயிலிருந்து தொடங்குங்கள்

பிள்ளைகள் ஹார்ட்மனைத்தான் கேட்பார்கள். 352 வரி எழுதி முடிப்பதற்குள் மேளா முடிந்துவிடும். பத்து வரியுள்ள ஒருவரை எடுங்கள். கல்கத்தாவில் 1898 டிசம்பர் 2 அன்று பிறந்த இந்திரலால் ராய், இந்தியாவின் ஒரே ஏஸ் என்று பொதுவாக ஏற்கப்படுபவர். 40ஆம் ஸ்குவாட்ரனில் எஸ்.இ.5ஏ விமானம் ஓட்டினார். 1918 ஜூலை 6 முதல் 19 வரை, பதினான்கு நாட்களுக்குள், பத்து வெற்றிகள். ஜூலை 22 அன்று சண்டையில் இறந்தார். அப்போது வயது 19.

அவருடைய பத்தைப் பிரிக்கும்போதுதான் இந்தப் பாடம் பிள்ளைகளுக்குப் பிடிபடும். ஜூலை 6இல் ஒன்று, 8ஆம் தேதி நான்கு மணி நேரத்துக்குள் மூன்று, 13இல் இரண்டு, 15இல் இரண்டு, 18இல் ஒன்று, 19இல் ஒன்று. இப்போது தரக் கட்டத்தை நிரப்புங்கள். அழிந்தவை ஐந்து, கட்டுப்பாடு இழந்து போனவை ஐந்து. ஒவ்வொரு ஐந்திலும் ஒன்று பிறரோடு சேர்ந்து பெற்றது.

'கட்டுப்பாடு இழந்து' என்பது முதல் உலகப் போரில் பிரிட்டிஷார் வைத்திருந்த தனித் தரம். எதிரி விமானம் சுழன்றுகொண்டே கீழே போனது, விழுந்து நொறுங்கியதைக் கண்ணால் பார்க்கவில்லை, ஆனாலும் வெற்றியாக எண்ணினார்கள். சுழன்று கீழே போவது அந்தக் காலத்து விமானிகள் தப்பிப்பதற்குக் கையாண்ட வழியும்கூட. மேகத்துக்குக் கீழே போய் விமானத்தை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பியவர்கள் பலர். ஆகவே ராயின் வரிக்குப் பக்கத்தில் 10 என்று மட்டும் எழுதாமல் 5+5 என்று எழுதுங்கள். இதனால் ராயின் பெருமை ஒரு துளியும் குறையாது. பத்தொன்பது வயதில், அந்தக் கட்டையும் துணியுமான விமானத்தில், இரண்டு வாரம் தாக்குப்பிடித்து நின்றதே பெரிது. எண்ணைச் சரியாக எழுதுவது அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

அதே போரில் எதிர்ப்பக்கத்துக் கணக்கு வேறு மாதிரி இருக்கும். மன்ஃப்ரெட் ஃபான் ரிக்ட்ஹோஃபனின் 80 வெற்றிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு, விழுந்த பிரிட்டிஷ் விமானத்தின் எண்ணும் விமானியின் பெயரும் தெரியும். அவர் நேர்மையானவர், மற்றவர்கள் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. காற்று மேற்கிலிருந்து கிழக்காக அடித்தது. பிரிட்டிஷார் ஜெர்மன் வரிசையைத் தாண்டிப் போய்ச் சண்டையிடுவதையே கொள்கையாக வைத்திருந்தார்கள். அதனால் சண்டைகள் ஜெர்மன் பக்கத்து மண்ணுக்கு மேல் நடந்தன, உடைந்த விமானம் ஜெர்மன் வீரர்கள் காலடியிலேயே விழுந்தது. போய் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். பிரிட்டிஷ் விமானி வீழ்த்தியதோ எதிரியின் மண்ணில் விழுந்தது. யார் போய்ப் பார்ப்பது? இடக் கட்டத்தை நிரப்பும்போது ஊர்ப்பெயரோடு நிற்காமல் அது யார் பக்கத்து மண் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வரி எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்லும் கட்டம் அதுதான்.

நேரக் கட்டம்: அதிகமாகத் தவறு நடக்கும் இடம்

ஒரே சண்டையை இரண்டு தரப்பும் இரண்டு நேரத்தில் எழுதியிருப்பார்கள். இதை மாற்றாமல் ஒப்பிட்டால் பொருந்த வேண்டியது பொருந்தாது. அதைவிட மோசம், பொருந்தக் கூடாத வேறொரு சண்டை பொருந்திவிடும். எல்லாவற்றையும் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றி நான்காம் கட்டத்தில் எழுதுங்கள்.

1940 கோடையில் பிரிட்டன் கிரீன்விச்சுக்கு ஒரு மணி முன்னால், ஜெர்மனி இரண்டு மணி முன்னால். ஆக ஜெர்மன் அறிக்கையில் 13:30 என்றால் பிரிட்டிஷ் அறிக்கையில் 12:30. 1941 மே மாதம் பிரிட்டன் இரட்டைக் கோடை நேரத்துக்கு மாறியதும் அந்தக் கோடையில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கிழக்குப் போர்முனையில் மாஸ்கோ நேரம் எப்போதும் கிரீன்விச்சுக்கு மூன்று மணி முன்னால். பெர்லினோடு வித்தியாசம் பருவத்துக்கேற்ப மாறும். ஜப்பானியக் கடற்படை எந்தக் கடலில் இருந்தாலும் டோக்கியோ நேரத்தையே எழுதியது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை கொழும்பைத் தாக்கியபோது இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு ஆறு மணி முன்னால், டோக்கியோ ஒன்பது மணி முன்னால். கொழும்பில் 7:30 என்றால் ஜப்பானியக் குறிப்பில் 10:30.

நம் நாட்டுப் போர்களில் வித்தியாசம் அரை மணிதான். அதனாலேயே பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இந்தியா 5:30, மேற்கு பாகிஸ்தான் 5:00, 1971இல் கிழக்கு பாகிஸ்தான் 6:00. ஒரே களத்தில் காலையிலிருந்து மூன்று நான்கு மோதல்கள் நடந்த நாளில் அரை மணி பிசகினால் கதை முழுக்க மாறிவிடும்.

வலப்பக்கம் நிரப்புவது

இப்போது எதிராளியின் இழப்புகளை எடுங்கள். தேதி, கிரீன்விச் நேரம், இடம், வகை என்ற இந்த வரிசையில் ஒத்துப்பாருங்கள். நேரத்தில் முன்பின் பதினைந்து நிமிடம் வரை விடலாம். சண்டைக்கு நடுவே கடிகாரம் பார்த்தவர் யாரும் இல்லை. வகையில் கண்டிப்பு வேண்டாம். 1940இல் பிரிட்டிஷ் விமானிகள் 'ஹைன்கல் 113' விமானங்களோடு மோதியதாக எத்தனையோ அறிக்கைகளில் எழுதினார்கள். அப்படி ஒரு விமானம் படையில் இருக்கவே இல்லை. ஜெர்மானியர் பிரசாரத்துக்காகப் படம் எடுத்து விட்ட பெயர் அது. பிரிட்டிஷ் விமானிகள் பார்த்தது ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109ஆகத்தான் இருக்கும். ஒற்றை இயந்திரமா, இரட்டை இயந்திரமா என்பது ஒத்துப்போனால் போதும்.

சேத அளவை விடாமல் எழுதுங்கள். ஜெர்மன் அறிக்கைகள் சேதத்தை விழுக்காட்டில் குறித்தன. 100 என்றால் முழு இழப்பு. 60க்கு மேல் போனால் பொதுவாகப் பழுதுபார்க்காமல் கழித்துவிட்டார்கள். 30 விழுக்காடு சேதத்தோடு தளம் திரும்பிய விமானத்துக்கு 'வீழ்த்தினார்' போட முடியாது. விமானி சுட்டது பட்டது என்பது மட்டும் உறுதியாகிறது. அதற்கு நான்காவதாக ஒரு வினை வைத்துக்கொள்ளலாம்: 'அடித்தார்'.

காரணக் கட்டம் சண்டைக்காரன். தரையிலிருந்து சுட்ட பீரங்கி, எரிபொருள் தீர்ந்தது, இயந்திரக் கோளாறு என்று அவர்கள் எழுதியிருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். அவமானத்தை மறைக்க எழுதியதாக இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம்.

முடிவுக் கட்டத்தில் மூன்று குறிதான்: பொருந்துகிறது, பொருந்தலாம், பொருந்தவில்லை. ஒரே இழப்புக்கு மூன்று பேர் உரிமை சொன்னால் மூவருக்கும் 'பொருந்தலாம்'. முதலமடைத் தோப்பில் ஒரே மாங்காய்க்கு மூன்று பிள்ளைகள் கல் எறிந்து, காய் விழுந்ததும் மூவரும் 'என் கல்' என்று ஓடிவருவார்களே, அதுதான் இது. மூவரும் எறிந்தது மெய், காய் ஒன்றுதான் என்பதும் மெய்.

எண் ஏன் வீங்குகிறது

'பொருந்தவில்லை' என்று நிறைய வரிகள் வந்தால் விமானி பொய்யர் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். அதைத் தடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. 1940 செப்டம்பர் 15 அன்று பிரிட்டன் அறிவித்தது 185 ஜெர்மன் விமானங்கள். ஜெர்மனி உண்மையில் இழந்தது 60ஐ ஒட்டி. கொழும்புத் தாக்குதலில் பாதுகாத்தவர்கள் சொன்னது இருபதுக்கும் மேல். ஜப்பான் இழந்தது ஏழு. எல்லா நாட்டிலும், எல்லாப் போரிலும் இப்படித்தான்.

காரணம் வேகமும் கூட்டமும். மணிக்கு 500 கிலோமீட்டரில் நேருக்கு நேர் வரும் இரண்டு விமானங்கள் ஒரு வினாடியில் ஏறத்தாழ 278 மீட்டர் நெருங்குகின்றன. சுட்டதும் திரும்பிப் பார்க்க நேரமில்லை. பார்த்துக்கொண்டே இருப்பவரைப் பின்னால் வருபவர் சுட்டுவிடுவார். மெஸ்ஸர்ஷ்மிட் விமானி தப்பிக்க முழு விசை கொடுத்தால் புகைக்குழாயில் கரும்புகை கிளம்பும். பின்னால் இருப்பவர் தீப்பிடித்துவிட்டது என்று எண்ணிவிடுவார். ஆறு பேர் ஒரே குண்டுவீச்சு விமானத்தைச் சுட்டிருப்பார்கள். ஒருவர் வீழ்த்தியது தரையில் எரிவதைப் பார்த்து இன்னொருவர் தன்னுடையது என்று நினைப்பார். கன் கேமராவும் முழுத் தீர்வு தராது. துப்பாக்கி சுடும்போதுதான் அது ஓடுகிறது. குண்டு பட்டதைக் காட்டும், விழுந்ததைக் காட்டாது. சண்டை எவ்வளவு பெரியதோ, எத்தனை அணிகள் கலந்தனவோ அந்த அளவுக்கு எண் வீங்கும். இரண்டுக்கு இரண்டு மோதலில் கணக்கு பெரும்பாலும் சுத்தமாக இருக்கும்.

ஒரு சண்டைக்குள் மிகப் பெரிய எண் சொல்லப்பட்டிருந்தால் தோட்டாக் கணக்குப் போடுங்கள். பிரிட்டிஷ் போர் விமானமான 1940 ஸ்பிட்ஃபயரில் எட்டுத் துப்பாக்கிகள், ஒவ்வொன்றுக்கும் 300 தோட்டாக்கள். தொடர்ந்து சுட்டால் ஏறத்தாழ 15 வினாடியில் தீர்ந்துவிடும். அதில் ஐந்து விமானம் என்றால் ஒன்றுக்கு மூன்று வினாடி. நடக்காது என்று சொல்ல முடியாது, ஆனால் வலப்பக்கத்தை இன்னொரு முறை பார்க்கச் சொல்லும் கணக்கு.

1965, 1971: இந்தியா-பாகிஸ்தான் போர்கள்

இந்தப் பகுதியை நிதானமாகச் செய்யுங்கள். பார்க்க வருபவர்களுக்கு உணர்ச்சி இருக்கும், நமக்கும் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் நடந்த போர்களில் ஐந்து தொட்ட இந்திய விமானி யாரும் இல்லை என்பதை முதல் வரியாக எழுதிவிடுங்கள்.

போய்ரா, 1971 நவம்பர் 22. மாதிரி வரிகளுக்கு இதைவிடச் சிறந்த சண்டை கிடையாது. இந்திய விமானப்படை 22ஆம் ஸ்குவாட்ரனின் நான்கு நாட் (Gnat) விமானங்கள்; மேஸி, கணபதி, லாசரஸ் மூவருக்கும் வீர் சக்ரா கிடைத்தது. இடப்பக்கத்தில் மூன்று பாகிஸ்தானிய சேபர் போர் விமானங்கள். வலப்பக்கத்தில் இரண்டு வரிக்கு மறுப்பே இல்லை: இரண்டு பாகிஸ்தானிய விமானிகள் குதித்து இந்தியப் பகுதியில் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி பிற்காலத்தில் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியானார். மூன்றாவது சேபர் அடிபட்டு டாக்கா திரும்பிவிட்டது என்கிறது பாகிஸ்தான் தரப்பு. ஆக மூன்று வரியில் இரண்டு 'வீழ்த்தினார்', ஒன்று 'அடித்தார்'. வந்த சேபர்கள் நான்கு என்று இந்தியாவும் மூன்று என்று பாகிஸ்தானும் சொல்கின்றன, இரண்டையும் எழுதுங்கள்.

1965 செப்டம்பர் 3 இன்னும் நல்ல பயிற்சி. இந்திய விமானி டிரெவர் கீலர் ஒரு சேபரை வீழ்த்தியதாக ஏற்கப்பட்டு வீர் சக்ரா பெற்றார். பாகிஸ்தான் பதிவின்படி யூசுஃப் அலி கானின் சேபர் மோசமாக அடிபட்டுத் தளம் திரும்பியது. அதே நாள் ஒரு இந்திய நாட் பஸ்ரூரில் தரையிறங்கிப் பாகிஸ்தான் கையில் சிக்கியது. தங்கள் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் மிரட்டி இறக்கியது என்கிறார்கள் அவர்கள். வழி தவறி இறங்கியது என்கிறோம் நாம். விமானம் போனது உண்மை, காரணக் கட்டத்தில்தான் சண்டை.

முடிந்ததும் நோட்டைத் தலைகீழாக ஓட்டுங்கள். அதாவது எதிராளியின் இழப்புகளில் யாரும் உரிமை சொல்லாத வரி இருக்கிறதா என்று தேடுங்கள். பலர் செய்யாத வேலை இது. 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத்தைத் தாக்கப் போன இந்திய மிஸ்டேர் விமானங்களில் ஒன்று திரும்பவில்லை. ஓட்டியவர் குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா. அதே நாள் பாகிஸ்தான் ஒரு ஸ்டார்ஃபைட்டரை இழந்தது, அதன் விமானி அம்ஜத் ஹுசைன் குதித்துத் தப்பினார். அதை வீழ்த்தியதாகச் சொல்ல இந்தியப் பக்கத்தில் ஆளில்லை, சொல்ல வேண்டியவர் உயிரோடு இல்லை. பாகிஸ்தான் தரப்புச் செய்திகள் வெளியே வந்து, இரண்டையும் பொருத்திப் பார்த்த பிறகு 1988இல் தேவய்யாவுக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது, இருபத்து மூன்று ஆண்டு கழித்து. இரண்டு புத்தகத்தையும் ஒப்பிடும் வேலை ஒருவருடைய எண்ணைக் குறைப்பதற்கு மட்டும் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே நாள் சர்கோதாவில்தான் தன் விமானி எம்.எம். ஆலம் ஐந்து இந்திய ஹண்டர் விமானங்களை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் சொல்கிறது. இந்தியத் தரப்பு அத்தனை இழப்பை ஏற்பதில்லை. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். நமக்குப் பிடித்தவர்களுக்கு ஒரு அளவு, பிடிக்காதவர்களுக்கு ஒரு அளவு என்று வைத்தால் நோட்டு முழுவதும் வீண்.

நிர்மல்ஜித் சிங் செகோனைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். அவருடைய 18ஆம் ஸ்குவாட்ரன் 2020இல் தேஜஸோடு சூலூரில்தான் மீண்டும் தொடங்கியது. 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். ஆறு சேபர்களுக்கு எதிராகக் குண்டு விழும் ஓடுபாதையிலிருந்து ஒரு நாட் விமானத்தில் மேலேறினார். ஒரு சேபர் அடிபட்டது, ஒன்று தீப்பற்றியது என்கிறது விருதுக் குறிப்பு. பாகிஸ்தான் அன்று இழப்பை ஒப்புக்கொள்ளவில்லை. இந்திய விமானப்படையின் ஒரே பரம்வீர் சக்ரா அவருடையது. அந்த விருது எண்ணிக்கைக்காகக் கொடுக்கப்பட்டது அல்ல. அவரை ஏஸ் பட்டியலில் சேர்க்காமல் தனிப் பலகையில் வையுங்கள்.

நாடுகளை ஒரே ஏணியில் ஏற்ற வேண்டாம்

ஹார்ட்மன் 1,400 முறையை ஒட்டிப் பறந்தார், 1945 மே மாதம் போர் முடியும் நாள்வரை. ரிச்சர்ட் போங் 40 தொட்டதும் ஊருக்கு அனுப்பப்பட்டார். 1945 ஆகஸ்ட் 6 அன்று புது ஜெட் ஒன்றைச் சோதித்தபோது இறந்தார். எண்ணும் முறையும் நாட்டுக்கு நாடு வேறு. மூன்று பேர் சேர்ந்து வீழ்த்தினால் முதல் போரில் பிரெஞ்சுக்காரர்கள் மூவருக்கும் தலா ஒன்று கொடுத்தார்கள், இரண்டாம் போரில் அமெரிக்கர்கள் ஒன்றைப் பங்கு போட்டார்கள், ஜெர்மானியர் ஒரு விமானத்துக்கு ஒரே பெயர் என்று வைத்திருந்தார்கள். ஆகவே 'உலகின் முதல் பத்து' சார்ட் வேண்டாம்; நாட்டுக்கு ஒரு சார்ட் போடுங்கள், மேலே அந்த நாட்டு எண்ணும் விதியை ஒரு வரியில் எழுதுங்கள். கொரியப் போரைத் தொட்டால் மூன்று வலப்பக்கம் வேண்டும், மிக்-15 ஓட்டியவர்கள் சோவியத், சீன, வடகொரிய விமானிகள். 78 சேபர்களை இழந்து 792 மிக்குகளை வீழ்த்தியதாகச் சொன்ன அமெரிக்கக் கணக்கு அந்தப் பதிவேடுகளுக்கு முன்னால் வெகுவாக இறங்கிவிட்டது.

அணியும் தேதியும் சீரியல் எண்ணும் எதுவுமே கிடைக்காத வீரரை எடுக்காதீர்கள். வியட்நாம் போரில் வட வியட்நாமின் ஏஸ் என்று பேசப்பட்ட 'கர்னல் டூன்' அப்படி ஒரு பெயர். 2022இல் ரஷ்ய விமானங்களை வீழ்த்தியதாகப் பேசப்பட்ட 'கீவ் ஆவி' கற்பனைப் பாத்திரம் என்று உக்ரைன் விமானப்படையே சொல்லிவிட்டது.

மேசையில் வைப்பது

சார்ட்டில் ஒவ்வொரு விமானிக்கும் மூன்று எண்: சொன்னது, ஏற்கப்பட்டது, பொருந்துவது. மூன்றாவது எண் கிடைக்காவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள், பூஜ்யம் போடாதீர்கள். பூஜ்யம் என்றால் தேடியும் இல்லை என்று பொருள். காலி என்றால் இன்னும் தேடவில்லை என்று பொருள்.

மாதிரிகளை 1:72 அளவில் கெட்டி அட்டையில் வெட்டுங்கள். நாட் விமானத்தின் இறக்கை விரிவு 9.4 செ.மீ. வரும், சேபர் 15.7 செ.மீ. இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே நாட் விமானத்தைக் கண்ணால் பிடிப்பது ஏன் கடினம் என்று புரிந்துவிடும். ஸ்பிட்ஃபயர் 15.6, மெஸ்ஸர்ஷ்மிட் 109 இ வகை 13.7 செ.மீ. 1940இல் பிரிட்டிஷ் விமானிகளின் துப்பாக்கிகள் 250 கஜத்தில் ஒன்றுகூடும்படி அமைக்கப்பட்டன, அதாவது 228 மீட்டர் சொச்சம். நம் அளவில் 3 மீட்டர் 17 செ.மீ. அந்த நீளத்துக்கு நூல் கட்டி ஒரு முனையில் ஸ்பிட்ஃபயரையும் மறுமுனையில் மெஸ்ஸர்ஷ்மிட்டையும் தொங்கவிடுங்கள். தொடக்கத்தில் வைத்திருந்த 400 கஜத்துக்கு இன்னொரு நூல், 5 மீட்டர் 8 செ.மீ. வகுப்பறை நீளம் போதாவிட்டால் வராந்தாவில் கட்டுங்கள். பார்க்க வரும் பிள்ளையை ஸ்பிட்ஃபயர் முனையில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடி, அந்த 13.7 சென்டிமீட்டர் அட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். மறுமுனையில் ஒருவர் அட்டையை மெதுவாக ஆட்டட்டும். இரண்டு வினாடி கழித்துக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அது கீழே போனதா, இடப்பக்கம் போனதா, புகைத்ததா என்று கேளுங்கள். சொல்வதை நோட்டின் இடப்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.